பிரேக்கிங் பிட்ச் வீசுவது எப்படி: அச்சிலிருந்து ஹோம் பிளேட் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பேஸ்பாலில் பிட்சர் (பந்து வீசுபவர்) வீசும் பந்து காற்றிலேயே வளைந்து விழுந்தாலோ ஒதுங்கினாலோ அது பிரேக்கிங் பிட்ச். பெரிதாக விழும் கர்வ்பால், வேகமாக வந்து விழும் ஸ்லைடர், பக்கவாட்டில் ஒதுங்கும் ஸ்வீப்பர் எல்லாம் இதில் அடங்கும். இதைக் கற்க வருகிறவர்களில் பலர் முதல் நாளே மணிக்கட்டை முறுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பந்து வளையாது, முழங்கைதான் வலிக்கும். உடனே பிடியை மாற்றுவார்கள். அடுத்த வாரம் இன்னொரு பிடி. பந்து எந்தப் பக்கம் வளையும் என்பதை முடிவு செய்வது அது எந்த அச்சில் சுழல்கிறது என்பதுதான். பிடியும் மணிக்கட்டும் அந்த அச்சைக் கொண்டுவரும் கருவிகள், அவ்வளவே. ஆகவே இங்கே வரிசை இப்படி: முதலில் அச்சு, பிறகு சுழற்சியின் வேகம், பிறகு குறி, கடைசியில் மறைப்பு. இந்த வரிசையைக் குலைத்தால் ஒவ்வொரு படியையும் இரண்டு முறை கற்க வேண்டியிருக்கும்.

கீழே உள்ளவை வலது கையால் வீசுபவருக்காக எழுதப்பட்டவை. இடது கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றி வாசித்துக்கொள்ளவும்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை ஃபாஸ்ட்பால், அதாவது முழு வேகத்தில் வீசும் நேர்ப் பந்து. நான்கு தையல் பிடியில் (விரல்கள் தையலுக்குக் குறுக்கே) பத்துப் பந்து வீசினால் குறைந்தது ஆறு பந்து, பேட்டருக்குப் பின்னால் இருந்து பிடிக்கும் கேட்சர் காட்டும் பக்கத்தில் போய்ச் சேர வேண்டும். அது வராதவருக்கு பிரேக்கிங் பிட்ச் பயன்படாது. ஃபாஸ்ட்பாலை எதிர்பார்த்து நிற்கும் பேட்டரை ஏமாற்றத்தான் இந்தப் பந்து. எதிர்பார்ப்பே இல்லாத இடத்தில் யாரை ஏமாற்றுவது?

இரண்டாவது, வயது. மேஜர் லீக் பேஸ்பாலும் யூ.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலின்படி, ஃபாஸ்ட்பாலும் சேஞ்சப்பும் நிலைபெற்ற பிறகு, 13 வயது வாக்கில் பிரேக்கிங் பிட்சைத் தொடங்கலாம். அதற்கு முன் சேஞ்சப் போதும். அது அதே கைவீச்சில் வேகத்தை மட்டும் குறைப்பதால், பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் நல்ல அடித்தளம்.

பொருட்கள் அதிகம் வேண்டாம்.

பந்து விதிப்படியான அளவில் இருக்கட்டும்: எடை 5 முதல் 5¼ அவுன்ஸ், சுற்றளவு 9 முதல் 9¼ அங்குலம். தையல் தேய்ந்து தட்டையான பழைய பந்தில் பழகினால் விரலுக்குப் பிடிமானம் கிடைக்காது. புதுப் பந்து வந்ததும் எல்லாம் மாறிவிடும்.

ஒரு பந்தில் நடுவைச் சுற்றி தடித்த கறுப்பு மார்க்கரால் ஒரு வளையம் வரையுங்கள். அச்சு சரியாக இருந்தால் அந்தக் கோடு காற்றில் தெளிவான வரியாகத் தெரியும். அச்சு ஆடினால் பந்து முழுக்கக் கலங்கிய சாம்பலாகத் தெரியும். இதைவிட மலிவான பயிற்சியாளர் கிடையாது.

நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் வசதியுள்ள செல்போன் இருந்தால் நல்லது. நிமிடத்துக்கு 2,400 முறை சுழலும் பந்து நொடிக்கு 40 முறை சுழல்கிறது. அதாவது ஒரு சுற்றுக்கு ஆறு படம். அச்சைக் கண்டுபிடிக்க அது போதும். ஆனால் நல்ல வெயிலில் எடுங்கள். வெளிச்சம் குறைந்தால் படம் இழுபட்டுப் போகும்.

2. பந்து ஏன் வளைகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் பிடிகளுக்குப் போகத் தோன்றும். போகாதீர்கள். பின்னால் ஏதாவது தவறினால் காரணம் கண்டுபிடிக்க உதவப்போவது இதுதான்.

பறக்கும் பந்தின் மீது மூன்று விசைகள். ஈர்ப்பு கீழே இழுக்கிறது. காற்றுத்தடை பின்னுக்கு இழுக்கிறது. மூன்றாவது மேக்னஸ் விசை. சுழலும் பந்தின் மேற்பரப்பும் தையலும் தம்மோடு காற்றை இழுத்துச் சென்று, பந்துக்குப் பின்னால் ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகின்றன. காற்று ஒரு பக்கம் போனால் பந்து எதிர்ப்பக்கம் போகும். எளிய விதி ஒன்று: பந்தின் முன்முகம் எந்தத் திசையில் சுழல்கிறதோ அந்தத் திசையில் பந்து நகரும்.

பின்சுழற்சியில் முன்முகம் மேல்நோக்கிப் போகும். ஃபாஸ்ட்பால் தாங்கிப் பிடிக்கப்படும். முன்சுழற்சியில் முன்முகம் கீழ்நோக்கிப் போகும், கர்வ்பால் அமுக்கப்படும். பக்கச் சுழற்சி என்றால் பக்கவாட்டு நகர்வு. கிரிக்கெட்டில் சுழற்பந்து காற்றில் திடீரென்று தாழ்வதும் ஒதுங்குவதும் இதே விசையால்தான். தரையில் பட்டுத் திரும்பும் கதை மட்டும் இங்கே இல்லை. எல்லாம் காற்றிலேயே முடிய வேண்டும்.

நான்காவது வகைச் சுழற்சி உண்டு: துப்பாக்கித் தோட்டா போல, போகும் திசையையே அச்சாகக் கொண்டு சுழல்வது. இதில் எத்தனை வேகமாகச் சுழன்றாலும் மேக்னஸ் விசை ஏறத்தாழ இல்லை. "அப்படியானால் அதனால் என்ன பயன்?" என்றுதான் புதியவர்கள் கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள்.

பிட்சர் நின்று வீசும் மேடான மவுண்டிலுள்ள ரப்பர் பட்டைக்கும், பேட்டர் அருகே தரையில் பதித்த ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். பிட்சர் முன்னால் எட்டி விடுவதால் பந்து உண்மையில் பறப்பது சுமார் 55 அடி. மணிக்கு 92 மைல் வேக ஃபாஸ்ட்பால் அந்தத் தூரத்தைக் கடக்க 0.42 நொடி ஆகும். அதற்குள் ஈர்ப்பு மட்டும் அதை, விட்ட நேர்கோட்டிலிருந்து, சுமார் 34 அங்குலம் கீழே இழுக்கும். பின்சுழற்சி அதில் 16 அங்குலத்தைத் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொண்டால், நிகர வீழ்ச்சி 18 அங்குலம்.

மணிக்கு 85 மைலில் தோட்டாச் சுழற்சியோடு போகும் ஸ்லைடர் 0.45 நொடி எடுத்துக்கொள்கிறது. ஈர்ப்பு 39 அங்குலம் இழுக்கிறது. தாங்க எதுவும் இல்லை. ஆக ஃபாஸ்ட்பாலைவிட 21 அங்குலம் கீழே! ஸ்லைடர் விழுவதற்குக் காரணம் கீழே அமுக்கும் மேக்னஸ் விசையல்ல, தாங்கும் விசை அதற்கு இல்லாததுதான்.

78 மைல் கர்வ்பாலுக்கு 0.5 நொடி. ஈர்ப்பு 48 அங்குலம், முன்சுழற்சி இன்னொரு 10 அங்குலம், மொத்தம் 58. இவ்வளவு விழும் பந்தை ஃபாஸ்ட்பால் விட்ட அதே கோணத்தில் விட்டால் அது தரையில் குத்தும். அதனால்தான் கர்வ்பாலைச் சற்று மேல்நோக்கி விட வேண்டியிருக்கிறது. அதன் விலையை எட்டாவது பகுதியில் பார்ப்போம்.

இன்னொன்று. பந்து "கடைசி நேரத்தில் ஒடிகிறது" என்பார்கள். விசை வழி முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வேலை செய்கிறது. ஆனால் விலகல், நேரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். பாதி நேரத்தில் கால் பங்கு விலகல்தான் நடந்திருக்கும். மீதி முக்கால் பங்கு இரண்டாவது பாதியில். பேட்டர் மட்டையை வீசலாமா என்று முடிவெடுப்பது முதல் பாதியை வைத்து. அவர் கண்ணுக்கு அது ஒடிவதாகத்தான் தெரியும்.

அச்சை எப்படிக் குறிப்பது? பிட்சரின் பார்வையில் ஒரு கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பந்து எந்த மணியை நோக்கித் தள்ளப்படுகிறது என்பதே அதன் திசை. 12 மணி சுத்தமான பின்சுழற்சி, 6 மணி சுத்தமான முன்சுழற்சி, 9 மணி கையுறைப் பக்கம், அதாவது கையுறை அணிந்த இடது கையின் பக்கம், முதல் பேஸ் இருக்கும் பக்கம். வலது கை ஃபாஸ்ட்பால் பெரும்பாலும் 1 மணி அருகே, கர்வ்பால் 6 முதல் 7 வரை, ஸ்வீப்பர் 9 அருகே. தோட்டாச் சுழற்சிக்கு இந்தக் கடிகாரத்தில் இடமில்லை; அது முகப்பைத் துளைத்துக்கொண்டு போகும் முள்.

உயரமான ஊரில் பழகுகிறவர்கள் கவனிக்க: காற்று மெலிந்தால் மேக்னஸ் விசையும் மெலியும். சுமார் 5,200 அடி உயரத்தில் இருக்கும் டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் கர்வ்பால்கள் சோம்பிப் போவது இதனால்தான். அங்கே தோட்டாச் சுழற்சி ஸ்லைடருக்கு இழப்பு குறைவு. அது காற்றை நம்பியே இல்லை.

3. உங்கள் கைக்கு எது என்று முடிவு செய்யுங்கள்

ஒரே நேரத்தில் ஒரு பந்துதான். கர்வையும் ஸ்லைடரையும் சேர்த்துப் பழகினால் இரண்டும் நடுவில் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தக் கலவைக்கு ஸ்லர்வ் என்று பெயர். அதை வேண்டுமென்றே வீசுகிறவர்கள் உண்டு. புதியவர்களிடம் பார்ப்பது விபத்தாக வந்த ஸ்லர்வ், வேகமும் இல்லாமல் விழவும் செய்யாமல்.

தேர்வுக்கு இரண்டு கேள்விகள். முதலாவது, கை எந்த உயரத்திலிருந்து வருகிறது? தலைக்கு மேலாக வரும் கைக்கு 12–6 கர்வ்பால் (கடிகாரத்தின் 12-இலிருந்து 6-க்கு நேர் கீழே விழுவது) எளிது; விரல்கள் பந்தின் மேல் ஏறிவர இடம் இருக்கிறது. தோள் மட்டத்தில் பக்கவாட்டாக வரும் கைக்கு ஸ்லைடரும் ஸ்வீப்பரும் இயல்பு. பக்கவாட்டுக் கையோடு 12–6 கர்வ் தேடுகிறவர் உடலைச் சாய்த்து வீசுவார். பேட்டருக்கு அதுவே தகவல்.

இரண்டாவது, உங்கள் ஃபாஸ்ட்பால் எந்தப் பக்கம் ஓடுகிறது? நீங்கள் முயலாமலே அது கையுறைப் பக்கம் லேசாக வெட்டினால், உங்கள் கை இயல்பாகவே பந்தின் பக்கத்துக்கு வருகிறது. ஸ்வீப்பரோ கட்டரோ (ஆறாவது பகுதியில் பார்ப்போம்) கைவரும். வீசும் கைப் பக்கம் நன்றாக ஓடினால் பெரிய பக்கவாட்டு வளைவு கஷ்டம். தோட்டாச் சுழற்சி ஸ்லைடர் அல்லது நக்கிள் கர்வ் (இதுவும் ஆறாவது பகுதியில்) முயலுங்கள்.

4. கர்வ்பால்

பிடி: குதிரை லாடம் போல் வளையும் தையலின் நீண்ட ஓரத்தை ஒட்டி நடுவிரலை வையுங்கள். ஆட்காட்டி விரல் அதன் அருகில் சும்மா சாய்ந்திருக்கட்டும். கட்டைவிரல் எதிர்ப்பக்கத் தையலில். வேலை செய்வது நடுவிரல். அதன் நுனிக்கும் தையலுக்கும் இடையிலான உராய்வே சுழற்சி.

உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே சிறிய இடைவெளி தெரிய வேண்டும். பந்தை உள்ளங்கையில் புதைத்தால் உராய்வு பரவிப்போய் சுழற்சி குறையும். அழுத்தமும் அளவாக இருக்கட்டும்: பிடித்திருக்கும் பந்தை இன்னொருவர் சற்று முயன்றால் பிடுங்க முடிய வேண்டும். இறுக்கிப் பிடித்தால் முன்கைத் தசை கெட்டியாகி மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும்.

கை முன்னே வரும்போது உள்ளங்கை உங்கள் தலையைப் பார்த்தபடி இருக்க வேண்டும், கையின் ஓரத்தால் பலகையை வெட்டப் போவது போல. இந்தக் கோணத்தைக் கை மேலே எழும்போதே அமைத்துவிடுங்கள். கடைசி நொடியில் அமைக்க முயல்வதுதான் முறுக்கல்.

விடும் இடத்தில் நடுவிரல் பந்தின் மேல் ஏறி, முன்முகத்தைக் கீழே இழுத்து முடிக்கிறது. ஃபாஸ்ட்பாலில் விரல்கள் பந்துக்குப் பின்னால் இருந்து தள்ளின. இங்கே முன்னால் இருந்து இழுக்கின்றன. விட்ட பிறகு முன்கை தானாகவே உட்புறம் திரும்பி கட்டைவிரல் கீழே போகும். எல்லா வகைப் பந்திலும் இது நடக்கும், தடுக்காதீர்கள்.

சோதனை: மார்க்கர் வளையம் இட்ட பந்தை, வரையப்பட்ட கோடு நடுவிரலின் திசையிலேயே ஓடும்படி பிடித்து வீசுங்கள். கோடு செங்குத்து வரியாகத் தெரிந்தால் 6 மணி. சாய்ந்து தெரிந்தால் விரல் பந்தின் பக்கத்துக்கு வழுக்கியிருக்கிறது.

5. ஸ்லைடர்

மனத்தில் வைக்க வேண்டியது ஃபாஸ்ட்பால்தான். அதே கை, அதே வேகம்; விரல்கள் மட்டும் பந்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கம், வலது கைக்காரருக்கு வலப்பக்கம், சற்று நகர்ந்திருக்கும். இரண்டு விரல்களும் ஒட்டியபடி, ஒன்று தையலைத் தொட்டபடி. கட்டைவிரல் அடியில்.

விடும்போது விரல்கள் பந்தின் வெளிப்பாதியைக் கீழே இழுத்துக்கொண்டு போகின்றன. அமெரிக்கக் கால்பந்தைச் சுருளாக எறிந்தவர்களுக்கு இந்த உணர்வு தெரியும். மணிக்கட்டைக் கதவுக் குமிழ் போலத் திருப்புவது ஸ்லைடர் இல்லை. விரல்கள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றனவோ அங்கிருந்தே நேராக வெட்டினால் சுழற்சி தானாக வரும்.

வேகம் ஃபாஸ்ட்பாலைவிட மணிக்கு 7 முதல் 10 மைல் குறைவாக இருந்தால் சரி. 15 மைல் குறைந்தால் நீங்கள் கையை மெதுவாக்குகிறீர்கள், அல்லது விரல்கள் பக்கத்தையும் தாண்டி முன்னால் போய்விட்டன.

சோதனைக்குக் கேட்சரிடம் கேளுங்கள். தோட்டாச் சுழற்சியில் தையல்கள் சுழன்று பந்தின் முகத்தில் ஒரு சிறு சிவப்புப் புள்ளியாகத் தெரியும். புள்ளி தெரிந்தால் அச்சு முன்னோக்கி நிற்கிறது. பேட்டருக்கும் அந்தப் புள்ளி தெரியும் என்பது வேறு விஷயம். கூர்மையான கண்ணுள்ளவர்கள் அதை வைத்துத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பக்கவாட்டில் இரண்டு, மூன்று அங்குலமே நகர்கிறது என்று புதியவர்கள் இந்தப் பந்தைக் கைவிடுவதுண்டு. இரண்டாம் பகுதிக் கணக்கை நினைவில் வையுங்கள்: இது கீழே ஏமாற்றும் பந்து.

6. மற்ற வகைகள், சுருக்கமாக

ஸ்வீப்பர்: பந்தின் பறப்பை அளக்கும் மேஜர் லீக்கின் ஸ்டேட்காஸ்ட் கணக்கில் 2023 முதல் தனி வகையாகக் காட்டப்படுகிறது. இரண்டு தையல் பிடி (விரல்கள் தையலை ஒட்டி நீளவாக்கில்). விரல்கள் பந்தின் பக்கத்தையும் கொஞ்சம் முன்முகத்தையும் சுற்றி இழுக்கும். 9 மணியை நோக்கி ஒரு அடிக்கும் மேல் நகரும். வேகம் ஸ்லைடரைவிடக் குறைவு. இதில் மேக்னஸ் மட்டும் வேலை செய்யவில்லை. தையல் எந்த இடத்தில் காற்றைக் கிழிக்கிறது என்பதால் பந்துக்குப் பின்னாலுள்ள காற்றுச்சுவடே ஒரு பக்கம் சாய்கிறது. அதனால் அதே அச்சு, அதே சுழற்சி வேகம், வேறு தையல் கோணம் என்றால் நகர்வும் வேறு. ஒரே வாரத்தில் பிடியைக் கால் அங்குலம் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக் குறித்து வைப்பது இந்தப் பந்துக்கு மட்டும் நியாயம்.

கட்டர்: உண்மையில் இது ஃபாஸ்ட்பால் குடும்பம். நான்கு தையல் பிடியை வெளிப்பக்கம் விரல் அகலத்தில் பாதி நகர்த்தி, நடுவிரலில் அழுத்தம். மற்றதெல்லாம் ஃபாஸ்ட்பால். சில அங்குலம் வெட்டினால் போதும். நோக்கம் மட்டையின் நடுவைத் தவிர்ப்பது, தவறவிடச் செய்வதல்ல. நியூயார்க் யாங்கீஸ் அணியின் பிட்சர் மரியானோ ரிவேரா ஏறக்குறைய இந்த ஒரு பந்தை வைத்தே பிழைத்தார். அவருடைய பழைய ஆட்டங்களில் விரல் எவ்வளவு குறைவாக வேலை செய்கிறது என்று பாருங்கள்.

நக்கிள் கர்வ்: கர்வ்பாலேதான். ஆட்காட்டி விரலை மடக்கி நுனியைப் பந்தில் ஊன்றிக்கொள்வது மட்டும் வித்தியாசம். அந்த விரல் குறுக்கே வராததால் நடுவிரல் தடையின்றி இழுக்கிறது; வேகமும் சற்று கூடும். நகம் நீளமாக இருந்தால் உடையும்.

ஸ்க்ரூபால் எதிர்த்திசையில், வீசும் கைப் பக்கம் வளைவது. அதைக் கற்றுக்கொடுக்க நேரில் ஒருவர் இல்லாமல் முயல வேண்டாம்.

7. பயிற்சி வரிசை

ஒவ்வொரு நிலையிலும் அச்சு பத்தில் எட்டு முறை சரியாக வந்தால் மட்டுமே அடுத்ததற்குப் போங்கள். தூரம் கூடும்போது உடல் தன்னையறியாமல் பலத்தைத் தேடும். பலம் வந்ததும் பழைய ஃபாஸ்ட்பால் மணிக்கட்டு திரும்பி வந்துவிடும். அதனால்தான் குறுந்தூரத்தில் இத்தனை நேரம்.

முதல் நிலை: முழங்கையை மடக்கி முகத்துக்கு முன் வைத்து, பந்தை நேர் மேலே சுழற்றி எறிந்து பிடியுங்கள். தினமும் 20 முறை, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டேகூட. தோளுக்குச் சுமையே இல்லை.

இரண்டாம் நிலை: வீசும் கைப் பக்க முழங்காலைத் தரையில் ஊன்றி, 20 அடி தூரத்திலுள்ள கூட்டாளிக்கு 15 பந்து. கால் வேலை இல்லாததால் கவனம் விரலில் நிற்கும்.

மூன்றாம் நிலை: நின்றபடி 40 அடி, சமதரையில், பாதி பலத்தில் 15 பந்து. வளைவைப் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள். இந்த வேகத்தில் வளைவு ஏமாற்றும்; மெதுவாகப் போகும் பந்து ஈர்ப்பாலேயே அழகாக விழும்.

நான்காம் நிலை: முழுத்தூரம், சமதரை, முக்கால் பலம். இங்கே ஒவ்வொரு மூன்று பந்துக்கும் ஒரு ஃபாஸ்ட்பால் கலந்து வீசுங்கள். கைவீச்சின் வேகம் இரண்டுக்கும் ஒன்றா என்பதைச் செல்போனில் பக்கவாட்டிலிருந்து எடுத்து ஒப்பிடுங்கள்.

ஐந்தாம் நிலை: மவுண்ட். அதன் உயரம் 10 அங்குலம். சரிவில் கால் முன்னே இறங்கும்போது பந்து விடும் இடம் மாறும். முதல் நாள் எல்லாப் பந்தும் உயரத்தில் போனால் பயப்பட வேண்டாம், பிடியைத் தொட வேண்டாம். விடும் இடத்தைச் சற்று முன்னால் கொண்டுபோனால் சரியாகும்.

எண்ணிக்கை முக்கியம். பிட்ச் ஸ்மார்ட் வரம்பில் 13–14 வயதுக்கு ஆட்ட நாளொன்றுக்கு 95 பந்து, 17–18 வயதுக்கு 105. 14 வயதுக்கு உட்பட்டவர் 66 பந்தோ அதற்கு மேலோ வீசினால் நான்கு நாள் ஓய்வு. முழங்கையின் உட்பக்கத் தசைநார் களைப்பில்தான் அதிகம் அடிபடுகிறது. அந்த இடத்தில் வலி என்றால், அது எந்தப் பந்தால் வந்தது என்ற ஆராய்ச்சி அப்புறம். அன்று அத்தோடு நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

8. எங்கே குறிவைப்பது

பந்து முடியும் இடத்தைக் குறிவைத்தால் எப்போதும் தவறும். தொடங்கும் இடத்தைக் குறிவையுங்கள்.

ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். உங்கள் ஸ்லைடர் கையுறைப் பக்கம் 7 அங்குலம் நகர்ந்தால், வலது கை பேட்டருக்கு எதிராகப் பிளேட்டின் நடுவைக் குறிவைத்தால் வெளி விளிம்பில் ஸ்ட்ரைக் (பேட்டர் அடிக்காமல் விட்டாலும் அவருக்கு எதிராக எண்ணப்படும் பந்து; மூன்று சேர்ந்தால் அவுட்). வெளி விளிம்பைக் குறிவைத்தால் பிளேட்டுக்கு வெளியே போய், துரத்தவைக்கும் பந்தாகும். 15 அங்குலம் நகரும் ஸ்வீப்பரை நடுவில் தொடங்கினால் யாரும் ஏமாற மாட்டார்கள். பேட்டர் பக்கத்து விளிம்பில் தொடங்குங்கள்.

கர்வ்பாலில் ஸ்ட்ரைக் வேண்டுமானால் கேட்சரின் முகக்கவசத்தைக் குறிவையுங்கள். முழங்கால் உயரத்தில் வந்து விழும். இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு கேட்சரின் மார்பைக் குறிவையுங்கள். பந்து பிளேட்டை ஒட்டித் தரையில் விழும். இதற்குக் கேட்சர் தடுக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். முதல் பேஸ் காலியாக இருந்தாலோ, இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ, பிடிக்கப்படாத மூன்றாவது ஸ்ட்ரைக்கில் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். மூன்றாம் பேஸில் எதிரணி ஆள் நிற்கும்போது, தரையில் விழும் பந்தை வீசுவதற்கு முன் கேட்சரின் முகத்தைப் பாருங்கள்.

மேல்நோக்கி விடுவதன் விலை இங்கேதான் தெரியும். கர்வ்பால் கையை விட்டதும் ஃபாஸ்ட்பாலின் பாதையைவிட ஒரு திமில் மேலே எழும். நல்ல பேட்டர் திமிலைப் பார்த்ததும் கையை நிறுத்திக்கொள்வார். மருந்து ஒன்று: ஸ்ட்ரைக் ஸோனின் (ஸ்ட்ரைக்காக எண்ணப்படும் பரப்பின்) மேல்பகுதிக்கும் ஃபாஸ்ட்பால் வீசுங்கள். அப்போது இரண்டும் ஒரே பாதையில் தொடங்குவதாகத் தெரியும்.

9. மறைப்பு

கையுறைக்குள் எப்போதும் கர்வ்பால் பிடியிலேயே தொடங்குங்கள். கேட்சர் ஃபாஸ்ட்பால் கேட்டால் அதற்கு மாறுங்கள். சிக்கலான பிடியிலிருந்து எளிய பிடிக்கு மாறும்போது முன்கை அதிகம் அசையாது. எதிர்த்திசையில் மாறினால் கையுறை விரிந்து காட்டிக்கொடுக்கும், இரண்டாம் பேஸில் நிற்கும் எதிரணி ஆளுக்கும் தெரியும். விரல் வழுக்கினால் ரோசின் பை (பிசின் தூள் பை) உண்டு. வேறு பசை எதுவும் விதிப்படி கூடாது.

10. அடிக்கடி வரும் தவறுகள், காரணம், திருத்தம்

கர்வ்பால் உயரத்தில் தொங்கி நிற்கிறது. விரல் பந்தின் மேல் ஏறுவதற்கு முன்பே விட்டுவிட்டீர்கள். சுழற்சி குறைந்து, திசையும் பக்கத்துக்கு ஓடிவிட்டது. பெரும்பாலும் முன்கால் தரையில் பதியும்போது கை பின்தங்கியிருக்கும். இரண்டாம் நிலைக்குத் திரும்பிப் பத்துப் பந்து வீசுங்கள். மணிக்கட்டை இன்னும் பலமாக உதறுவது திருத்தம் அல்ல.

எல்லாப் பந்தும் தரையில் குத்துகிறது. வளைவு வேண்டும் என்ற ஆசையில் பந்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். முகக்கவசத்தைக் குறிவையுங்கள், மீதியை ஈர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

ஸ்லைடர் வெட்டாமல் நடுவிலேயே சுழன்றுகொண்டு நிற்கிறது. இதுதான் மைதானத்தைத் தாண்டிப் பறக்கும் பந்து. விரல்கள் வெளிப்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு வழுக்கியிருக்கும். பின்சுழற்சி கலந்து பந்து விழ மறுக்கிறது. கட்டைவிரல் பக்கவாட்டில் மேலே ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறியிருந்தால் அடியில் தள்ளுங்கள்.

ஸ்லைடர் பெரிதாக, மெதுவாக வளைகிறது. பார்க்க அழகு, அடிக்க எளிது. விரல்கள் முன்முகத்துக்குப் போய்விட்டன. அடுத்த ஐந்து பந்தை ஃபாஸ்ட்பால் என்றே நினைத்து வீசுங்கள், பிடி மட்டும் ஸ்லைடர்.

பயிற்சியில் வளைகிறது, ஆட்டத்தில் வளையவில்லை. முழு பலத்தில் கை பழைய பழக்கத்துக்குத் திரும்புகிறது. நான்காம் நிலையைப் பாதியில் தாண்டியவர்களுக்கு இது நிச்சயம். முக்கால் பலம், ஃபாஸ்ட்பால் கலந்து, இன்னும் இரண்டு வாரம்.

பேட்டர்கள் அசையாமல் விட்டுவிடுகிறார்கள். வளைவு நன்றாகவே இருக்கலாம். கையைத்தான் மெதுவாக்குகிறீர்கள், அல்லது கை வரும் உயரம் மாறுகிறது. பின்னாலிருந்து படமெடுத்து, ஃபாஸ்ட்பாலையும் பிரேக்கிங் பிட்சையும் விடும் கணத்தில் நிறுத்தி அருகருகே வையுங்கள். இரண்டு படத்திலும் கை ஒரே இடத்தில் இல்லையென்றால், ஒரு வாரத்துக்கு வளைவை மறந்துவிட்டு, கையை ஃபாஸ்ட்பால் இடத்துக்குக் கொண்டுவருவதை மட்டும் பழகுங்கள். வளைவு கொஞ்சம் சிறுத்துப்போகும். போகட்டும், அந்தச் சின்ன வளைவுக்குத்தான் மட்டை வீசப்படும்.